மெர்வின் படித்த எட்டு

மெர்வின் ஸ்டிக்லண்டுக்கு எண் படிப்பதுதான் பிழைப்பு. இங்கிலாந்தின் தென்கரையில் வேமத் ஊரில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் பழைய ஷூவும் கிடக்கிற பொந்துக்குள் தலையை நுழைத்து, டார்ச் அடித்து, எண்ணை வாய்விட்டு மூன்று தடவை படிப்பார். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் நோட்டில் ஏறும். ஒரு தடவை ஒரு விதவை வீட்டில் தான் பார்த்தது ஆறா பூஜ்யமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து, மழையில் மூன்று மைல் திரும்பி நடந்தார். ஆறுதான். அந்த அம்மாள் அவரை உள்ளே கூட விடவில்லை, ஜன்னல் வழியாகவே படித்துச் சொல்லி அனுப்பிவிட்டாள். இதை அவரே பெருமையாகச் சொல்வார். அவர் எழுந்து போன பிறகு நாங்கள் சிரிப்போம்.

நாங்கள் என்றால் ஊரின் ஸ்கூபா சங்கம், சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்குகிறவர்கள். மெர்வினும் அதில் ஒருவர். வியாழக்கிழமை தோறும் துறைமுகத்துப் பப்பின் பின்னறையில் கூடுவோம். நான் கப்பல் எஞ்சின் பிட்டராக அங்கே போய் இறங்கியவன். தூத்துக்குடியை விட்டு வந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. என் பெயர் அருளப்பன். அவர்கள் வாயில் அது 'அல்' ஆகிவிட்டது. மெர்வின் மட்டும் விடவில்லை. முதல் நாளே என்னை நிறுத்தி வைத்து, எங்கே அழுத்த வேண்டும், எங்கே நாக்கை மடக்க வேண்டும் என்று கேட்டு, மூன்று தடவை சொல்லிப் பார்த்து, அதற்குப் பிறகு ஒரு நாளும் தப்பாகக் கூப்பிட்டதில்லை. இதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. அந்த ஆளுக்குத்தான் நான் இதைச் செய்தேன்.

எங்கள் கரைக்கு எதிரே இரண்டு உலகப்போர்களும் விட்டுப்போன நீர்மூழ்கிகள் கிடக்கின்றன. நான் பதினொன்றில் இறங்கியிருக்கிறேன். முதல் தடவை பார்க்கிறவனுக்கு ஏமாற்றம்தான். முப்பத்தெட்டு மீட்டர் ஆழத்தில், பச்சை இருட்டுக்குள் ஒரு பெருங்குழாய் படுத்திருக்கும், அவ்வளவே. அறுந்த வலை தொங்கும், விலாங்கு தலை நீட்டும். பிறகு மேல்மூடி திறந்திருப்பது கண்ணில் படும். உள்ளே டார்ச் அடித்தால் வண்டல். வண்டலில் ஒரு பூட்ஸின் அடித்தோல். மூடியை அவன் திறந்தானா, தண்ணீர் திறந்ததா என்று யோசித்துக்கொண்டிருந்தால் சிலிண்டரில் காற்று தீர்ந்துவிடும். நாங்கள் யோசிக்கிற கூட்டம் இல்லை. கழற்றிக்கொண்டு வர ஏதாவது பித்தளை உண்டா என்று பார்க்கிற கூட்டம்.

அப்படி ஒரு நாள் நான் கழற்றிக்கொண்டு வந்ததுதான் ஒரு பித்தளை முகப்பு, உள்ளே முள் வைத்தது. இரண்டு மாதம் தேய்த்துத் தேய்த்துப் பொன் மாதிரி ஆக்கி, ஒரு வியாழக்கிழமை பப்புக்கு எடுத்துப் போனேன். ஜெர்மன் நீர்மூழ்கியின் ஆழமானி என்று சொன்னேன். எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். மெர்வின் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"அருளப்பன், இது மீன்பிடி படகோட பாய்லர்ல இருக்கிறது. ஹல் ஊர்ல செஞ்சது. இதோ, பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கான்."

அவர் கேலி செய்யவில்லை. உள்ளதைச் சொன்னார். ஆனால் அறையே உருண்டு சிரித்தது. படகுக்காரன் லவ்லெஸ் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அன்றைக்கு எனக்கு 'பாய்லர்' என்று பெயர் விழுந்தது. பட்டறையில் பாய்லர், கடையில் பாய்லர், என் மனைவியின் தம்பி கல்யாணத்தில் கூட பாய்லர். எனக்கு வயிறு எரிந்தது. அந்த மனுஷனை ஒரு எண்ணிலேயே மடக்க வேண்டும் என்று ஒரு வருஷம் காத்திருந்தேன்.

எண்பத்தாறு செப்டம்பரில் வாய்ப்பு வந்தது. மீனவர் வலை ஒன்று புதிய இடத்தில் சிக்கியதாகத் தகவல். சீசனின் கடைசிப் பயணம். லவ்லெஸும் நானும் மட்டும் போனோம். கயிற்றைக் கீழே போய்க் கட்டியதும் ஒரு தெர்மாகோல் கப்பை மேலே விடுவது எங்கள் வழக்கம், கப் மிதந்தால் கட்டியாயிற்று என்று அர்த்தம். கப்பை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பெருங்குழாய். முதல் உலகப்போர் ஜெர்மன் நீர்மூழ்கி. பின்பக்கத்தில் இரண்டு ப்ரொபெல்லர் இருக்க வேண்டும். வலதுபக்கம் மணலில் முழுக்கப் புதைந்திருந்தது, இடதுபக்கம் வெளியே நின்றது. அதன் நடுக்குமிழில்தான் கப்பலின் எண்ணை அடித்திருப்பார்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். எண்ணை நான் முழுதாக இங்கே எழுதப் போவதில்லை, தேடுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கடைசி இலக்கம் மூன்று.

மேலே வந்து லவ்லெஸிடம் சொன்னேன். அவன் டீயை ஊற்றிக்கொண்டே கடலைப் பார்த்தான்.

"மூணா? மூணை எட்டாக்க எவ்வளவு நேரமாகும், பாய்லர்?"

நான் முதலில் விளங்காமல் நின்றேன். பிறகு விளங்கியது. இருவரும் மூச்சு முட்டச் சிரித்தோம். அவன் எஞ்சின் பெட்டியிலிருந்து உளியை எடுத்துக் கொடுத்தான். மதியம் மறுபடி இறங்கினேன். வெண்கலம் மிருதுவான உலோகம், பிட்டருக்கு அது ஒரு வேலையே இல்லை. மூன்றின் இரண்டு வாயையும் வளைத்து மூடினேன். மேலே வண்டலை அப்பினேன். குளிர்காலம் முழுக்கக் கிடந்தால் வெட்டின பளபளப்பு போய்விடும் என்று தெரியும்.

மே மாதம் மெர்வினை அங்கே அழைத்துப்போனோம். அவர் கீழே தேய்த்துப் படித்துவிட்டு மேலே வந்து, முகமூடியைக் கழற்றாமலே ஏணியில் நின்றார். பிறகு அந்த எண்ணைச் சொன்னார். எட்டில் முடிகிற எண். லவ்லெஸ் எஞ்சினைப் பார்க்கிற மாதிரி குனிந்து தோள் குலுங்கச் சிரித்தான். மெர்வின் அதைப் பார்க்கவில்லை.

"அந்தக் கப்பல் பதினேழாம் வருஷம் துறைமுகத்த விட்டுக் கிளம்புச்சு. அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்ல. எங்க போச்சுன்னு எழுபது வருஷமா யாருக்கும் தெரியாது. இருபத்தாறு பேர், அருளப்பன்."

இது எங்களுக்குத் தெரியாது. எட்டு என்றால் எட்டு, அதற்குப் பின்னால் ஒரு கப்பலும் ஆட்களும் இருப்பார்கள் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. மூன்றில் முடிகிற கப்பல் வடகடலில் கண்ணிவெடியில் போயிற்று என்று புத்தகங்கள் சொல்லின. ஆக ஒரு உளியால் இரண்டு கப்பல்களை இடம் மாற்றியிருந்தோம். வியாழக்கிழமை பப்பில் போட்டு உடைப்பதாகத் திட்டம். அந்த வியாழக்கிழமை மெர்வின் வரவில்லை. ஜெர்மனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் மனைவி ஆட்ரி போனில் சொன்னாள்.

"அடுத்த வாரம் சொல்லலாம்," என்றான் லவ்லெஸ்.

அடுத்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் மெர்வினின் படம் வந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் லண்டனிலிருந்து ஸ்கூபா ஆட்கள், தாங்களும் இறங்கிப் பார்க்க, லவ்லெஸின் படகைக் கேட்டு வந்தார்கள். அவன் என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனான்.

"இப்ப வாயத் தொறந்தா அந்தாளுக்கு அவமானம், நமக்கு அதவிட அவமானம். மூடிக்கிட்டுப் போ மாப்ளே. செத்தவனுக்கு எந்தக் கப்பலா இருந்தா என்ன?"

நான் மூடிக்கொண்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

எண்பத்தெட்டு ஜூலையில் ஹில்கே யான்சன் வந்தாள். ஜெர்மனியில் எம்டன் துறைமுகத்துக்காரி, எழுபது வயது, கல்யாணமாகாதவள், பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவள். அவள் அப்பா அந்த எட்டில் எஞ்சின் அறை ஆள். கப்பல் கிளம்பியபோது இவள் தாய் வயிற்றில் ஐந்து மாதம். கறுப்புக் கோட்டும், தன் கையால் கட்டிய ஓக் இலை வளையமுமாகப் படகில் ஏறினாள். ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசினாள்.

"மிஸ்டர் ஸ்டிக்லண்ட், நீங்க உங்க கண்ணாலயே பாத்தீங்களா?"

"மூணு தடவ படிச்சேம்மா. ஒவ்வொரு தடவையும் எட்டு."

அவள் தலையை ஆட்டினாள். வளையத்தை நீரில் போட்டாள். அழவில்லை. பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்களும் கீழ போயிருக்கீங்க. அங்க ரொம்ப இருட்டா?"

"பச்சையா இருக்கும்மா. கொஞ்சம் வெளிச்சம் வரும்."

"குளிருமா?"

"குளிரும்."

"எங்கம்மா கேட்டுட்டே இருப்பாங்க, அவருக்குக் குளிருமான்னு. நாப்பத்திரண்டு வருஷம் கேட்டாங்க. அவங்களுக்கு இப்ப சொல்லலாம்."

என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். லவ்லெஸ் சக்கரத்தைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு நாக்கு எழவில்லை. எழவில்லை என்பது பொய், எழுந்தது, நான் அடக்கினேன்.

கரைக்கு வந்து மெர்வின் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் ஒன்று கேட்டாள். அவள் ஊரில் கல்லறை நிலம் சொந்தமில்லை, முப்பது வருஷத்துக்குக் குத்தகை. அவள் அம்மா கிடக்கிற இடத்தின் குத்தகை அடுத்த வருஷம் முடிகிறது. புதுப்பித்தால் இவளும் அதிலேயே போய்ப் படுக்கலாம். புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"நான் புதுப்பிக்கப் போறதில்ல. என்ன எரிச்சு, சாம்பல எங்கப்பாகிட்ட கொண்டு போய் வைக்கணும். அம்மா கல்லறை மண்ணும் ஒரு பிடி கூட இருக்கும். மூணு பேரும் ஒரு எடத்துல இருந்ததே இல்ல. செய்வீங்களா?"

மெர்வின் உடனே சரி என்று சொல்லவில்லை. அந்த மனுஷன் அப்படிச் சொல்கிறவர் இல்லை. நன்றாக யோசித்துவிட்டு, "நானே கொண்டு போய் வைக்கிறேன்," என்றார். நான் உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தேன். குத்தகையைப் புதுப்பிக்கச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் இருந்தது. ஒரு தபால் அட்டை போதும். எழுதவில்லை.

தொண்ணூறு ஜூலையில் அவள் மறுபடி வந்தாள். அந்த வருஷக் குளிர்காலப் புயல் கடலடி மணலைப் புரட்டிப் போட்டிருந்தது. மெர்வினும் நானும் ஜோடியாக இறங்கினோம். வலதுபக்க ப்ரொபெல்லர் வெளியே நின்றுகொண்டிருந்தது. நான் பார்த்தபோதே அவரும் பார்த்துவிட்டார். பிரஷ்ஷை எடுத்தார். மூன்று.

அந்த ஆழத்தில் எங்களுக்கு இருபது நிமிஷம்தான் கணக்கு. மெர்வின் வலதைப் படித்தார். இடதுக்கு நீந்திப் போய்ப் படித்தார். எட்டு. திரும்பி வந்து வலதைப் படித்தார். ஒவ்வொன்றையும் மூன்று தடவை படிக்காமல் அவரால் விட முடியாது. நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன், கடிகாரத்தைக் காட்டினேன். கையை உதறிவிட்டு மறுபடி இடதுக்குப் போனார். என்னிடம் சிலேட்டும் பென்சிலும் இருந்தன. 'எட்டு பொய், நான் வெட்டியது' என்று எழுதிக் காட்டியிருந்தால் அவர் அந்த நிமிஷமே மேலே வந்திருப்பார். நான் 'மேலே வாருங்கள்' என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டி, இன்னும் ஒரு தடவை வலதுக்குப் போனார்.

காற்று தீர்ந்த பிறகுதான் கிளம்பினார். அவ்வளவு நேரம் கீழே இருந்தவன் மேலே வரும் வழியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அரை மணி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரத்தத்தில் குமிழி கட்டும். என் சிலிண்டரில் இருந்ததை இருவரும் மாற்றி மாற்றி உறிஞ்சினோம், நாலு நிமிஷத்துக்குத்தான் வந்தது. படகில் ஏறும்போது நன்றாகத்தான் ஏறினார். பத்து நிமிஷம் கழித்து, டீக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தவர் கால் மடங்கி விழுந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, குமிழி எல்லாருக்கும் ஒரே மாதிரி கட்டுவதில்லை. ஹெலிகாப்டருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். ஹில்கே தன் கறுப்புக் கோட்டைச் சுருட்டி அவர் தலைக்குக் கீழே வைத்தாள். அவர் என்னைத்தான் தேடினார்.

"அருளப்பன். வலது பக்கத்துல மூணு இருக்கு. அவசரத்துல வேற கப்பலோட ப்ரொபெல்லர மாட்டியிருப்பாங்க, இல்ல? போர்க்காலம். இடது பக்கந்தான் அசல். நீ பாத்தியே. அது எட்டுதானே?"

ஹில்கே நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"எட்டுதான்," என்றேன்.

ரத்தத்துக் குமிழியைக் கரைக்கிற அழுத்த அறையில் ஆறு நாள் வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பி வரவில்லை. மீட்டர் வேலை போயிற்று, சக்கர நாற்காலி வந்தது. மறு மாதமே மணல் வந்து வலதுபக்கத்தை மூடிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அவரைக் கடற்கரைப் பாதையில் தள்ளிக்கொண்டு போவேன். ஊரில் எனக்கு நல்ல பெயர். பாய்லருக்குத்தான் எவ்வளவு பாசம் என்று ஆட்ரி எல்லாரிடமும் சொல்வாள்.

தொண்ணூற்று நாலு டிசம்பரில் ஹில்கே செத்துப்போனாள். மார்ச்சில் எம்டனிலிருந்து சாம்பல் வந்தது. நான் போனபோது மெர்வின் ஜன்னலோரம் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு ரொட்டி அளவுதான் இருந்தது.

"வர்ற சனிக்கிழமை கடல் நீரோட்டம் நிக்கிறது பதினொண்ணு இருபதுக்கு. லவ்லெஸ்கிட்ட பேசிட்டேன். நான் வைக்கறேன்னு சொன்னேன், என்னால முடியாது. நீ வை. வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன்."

அந்தக் கடைசிச் சொல்தான் என்னைப் பிடித்துத் தள்ளியது.

"மெர்வின், அது எட்டு இல்ல."

"எது?"

"இடது பக்கம். அதுவும் மூணுதான். நான் உளியால வெட்டி எட்டாக்கினேன். சும்மா ஒரு விளையாட்டுக்கு. நீங்க பாய்லர்னு சொன்னதுக்கு."

அவர் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எத்தன அடி?"

"என்ன?"

"உளியில எத்தன அடி அடிச்ச?"

"பத்துப் பன்னெண்டு இருக்கும்."

"இருக்கும்னா என்ன அர்த்தம்? யோசிச்சுச் சொல்லு."

நான் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். கை மறக்கவில்லை. "மேல் வளைவுக்கு ஆறு. கீழ் வளைவுக்கு எட்டு."

"பதினாலு," என்றார். இன்னும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். "லவ்லெஸுக்குத் தெரியுமா?"

"உளி அவனோடது."

"அன்னிக்குக் கீழ, நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாத்தி மாத்திப் போனப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"உன் கையில சிலேட் இருந்துச்சு."

"இருந்துச்சு."

அவர் தன் காலைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அடித்திருந்தால் இன்னும் நல்லது. நான் அழுதேன். அதை அவர் மீட்டர் ஓடுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை சங்கத்துல எழுந்து நின்னு எல்லாத்தையும் சொல்லிடறேன் மெர்வின்."

"சொல்லக் கூடாது."

"ஏன்?"

"சொன்னா உனக்குப் பாரம் எறங்கும். இந்தம்மாவுக்கு என்ன எறங்கும்? திருப்பி அனுப்பலாம்னா இவங்களுக்கு எடம் எங்க இருக்கு? அம்மா கல்லறையில வேற யாரோ படுத்திருக்காங்க. அதனால நீ இவங்கள அங்கதான் கொண்டு போகணும், அது யாரோட கப்பலா இருந்தாலும். ஆனா மூணோட ஆளுங்களுக்கு அவங்க அப்பன் எங்க இருக்கான்னு தெரியணும். அத மறைக்க முடியாது. நான் எழுதறேன், தப்பாப் படிச்சுட்டேன்னு."

"நீங்களா? நீங்க தப்பாப் படிக்கலியே."

"ஒருத்தன் கண்ணு மங்கித் தப்பாப் படிச்சான், அதனால ஒரு பொம்பள வேற எடத்துல படுத்திருக்கான்னா, பாவம்னு சொல்லுவாங்க. ரெண்டு பேர் விளையாட்டுக்கு உளிய எடுத்தாங்க, அதனால படுத்திருக்கான்னா, அவ பேரச் சொல்றப்பெல்லாம் பப்புல சிரிப்பாங்க. அவங்கள உன் வேடிக்கைக்குள்ள பொதைக்க விடமாட்டேன். அரம் எடுத்துட்டுப் போ. அந்த எட்ட ராவி எடுத்துடு, ஒரு கோடு மிச்சம் இருக்கக் கூடாது. இனிமே ஞாயித்துக்கிழம வர வேண்டாம். ஆட்ரி தள்ளிக்கிட்டுப் போவா."

சனிக்கிழமை இறங்கினேன். திறந்த மேல்மூடியின் ஓரத்தில் பெட்டியைத் திறந்து கொட்டினேன். மண் நேராகக் கீழே போயிற்று. சாம்பல் போகவில்லை, தண்ணீரில் நின்றது. பாறை மீன்கள் வந்தன. இரை என்று நினைத்துக் கொத்தின. கையால் விரட்டினேன், சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து கொத்தின. எனக்கு நேரம் இல்லை. இடதுபக்கம் போய் அரத்தை வைத்து ராவினேன். பதினாலு அடியில் போட்டதை எடுக்கப் பதினாலு நிமிஷம் போதவில்லை, கடைசிக் கோடு போகும் வரை நின்றேன்.

மேலே வந்ததும் லவ்லெஸ் டீ கொடுத்தான். "போட்டாச்சா கெழவிய?" என்றான். நான் டீயைக் குடித்தேன்.

ஸ்கூபா பத்திரிகையில் மெர்வினின் கடிதம் கால் பக்கம் வந்தது. 'தேய்ந்த எண்ணை நான் தவறாகப் படித்தேன், பொறுப்பு முழுவதும் என்னுடையது.' அதற்கு முன்னால் லவ்லெஸின் படகில் போய் இறங்கி, அதை எட்டு என்று படித்துக் கையெழுத்துப் போட்ட இருபது பேரும், தங்களுக்கு அப்போதே மூன்றாகத்தான் பட்டது என்று இப்போது சொன்னார்கள். ஜெர்மனியிலிருந்து ஒருவர், அவர் அப்பா மூன்றில் செத்தவர், தன் தகப்பன் கல்லறையில் அறியாத பெண்ணைக் கொண்டு போய்க் கொட்டியதற்கு யார் அனுமதி கொடுத்தது என்று எழுதினார். அதற்கும் மெர்வின் மன்னிப்புக் கேட்டார். அவர் பார்த்த வீடுகளில் சிலர், இத்தனை வருஷம் எங்கள் மீட்டரையும் இப்படித்தான் படித்தாயா என்று தெருவில் நாற்காலியை நிறுத்திக் கேட்டார்கள். ஒரு நாள் ஆட்ரி என்னைச் சந்தையில் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் கூடவே இருந்தியே அல். அது மூணுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அவர்கிட்ட?"

"எனக்கும் எட்டாத்தான் தெரிஞ்சுது ஆட்ரி."

மெர்வின் தொண்ணூற்றெட்டில் போய்ச் சேர்ந்தார். கடைசி வரைக்கும் என்னை உள்ளே விடவில்லை, ஏன் என்று மனைவியிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லக் கூடாது என்றார், நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. இதைத் தமிழில் எழுதுகிறேன். வேமத்தில் இதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன், வேறு பெருமை எதுவும் இதில் இல்லை.

சங்கத்தின் வருஷ விருந்தில் ஒரு பரிசு உண்டு. அவர் செத்த மறு வருஷம் லவ்லெஸ் கிளப்பிவிட்டது. மெர்வினின் பழைய முகமூடியை ஒரு பலகையில் அறைந்து, அடியில் 'மூணா எட்டா?' என்று பித்தளையில் பொறித்திருக்கிறார்கள். அந்த வருஷத்தின் பெரிய முட்டாள்தனம் செய்தவனுக்கு அது. கொடுப்பது ஆட்ரி. வருஷா வருஷம் அவளைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். இதற்காகவாவது அவரை நினைக்கிறார்களே என்று அவளுக்கு அதில் சந்தோஷம்.

போன நவம்பரில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். காலில் துடுப்புச் செருப்பு மாட்டாமல் தண்ணீரில் குதித்துவிட்டேனாம். எண்பது பேர் 'பாய்லர், பாய்லர்' என்று மேஜையைத் தட்டினார்கள். நான் எழுந்து போனேன். ஆட்ரிக்குப் பலகை கனத்தது, நானும் சேர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அவர் இருந்திருந்தா, உனக்குக் குடுக்கறதுல ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார் அல்," என்றாள்.

"ஆமா ஆட்ரி," என்றேன். படம் எடுக்கிறவன் சிரிக்கச் சொன்னான். சிரித்தேன்.